அச்சம் ஒரு பிணியாகும்போது: பெற்றோருக்கு மருத்துவம் தேடுதல்

திண்டுக்கல் நகரிலிருந்து சிறுமலைக்கு ஏறும் பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. மலையில் விளையும் வாழையும் மிளகும் எலுமிச்சையும் காப்பிக்கொட்டையும் அவ்வழியேதான் கீழே இறங்குகின்றன. சந்தைக்கும் மருத்துவமனைக்கும் திருமண வீடுகளுக்கும் செல்வோருக்கும் அதுவே வழி. அந்தப் பேருந்தில் மகனோடு பயணம் செய்யும் ஒரு தாயை நாம் எண்ணிப் பார்ப்போம். வயது ஐம்பத்தைந்துக்கு மேல். ஏதோ ஒரு வளைவில் திடீரென்று அவருடைய நெஞ்சு படபடக்கிறது. மூச்சு முட்டுகிறது. விரல்கள் மரத்துப்போகின்றன, உடல் வியர்த்து நடுங்குகிறது. மௌத்து வந்துவிட்டது என்றே அவர் உறுதியாக நம்புகிறார். கலிமாவை மொழிந்தபடி மகனின் கையைப் பற்றிக்கொள்கிறார்.

திண்டுக்கல்லில் இ.சி.ஜி. எடுக்கிறார்கள். குறையேதும் தெரியவில்லை. 'ஒன்றுமில்லை' என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். ஒரு வாரம் கழித்து அதே நிலை வீட்டிலேயே வருகிறது, பிறகு நள்ளிரவில் வருகிறது. சில மாதங்களில் அந்தத் தாய் பேருந்தில் ஏறுவதில்லை, உறவினர் வீடுகளுக்குச் செல்வதில்லை, தனியே உறங்குவதுமில்லை. பிள்ளைகளுள் ஒருவர் எந்நேரமும் அருகிலிருந்தாக வேண்டும். உறவினர் ஒருவர் இதனை நரம்புத் தளர்ச்சி என்கிறார். மற்றொருவர் கண்ணேறு என்கிறார். மூன்றாமவர், 'ஈமானில் உறுதியிருந்தால் இப்படி அஞ்சுவாரா?' என்று கேட்கிறார். மூவரும் நல்லெண்ணத்தோடுதான் பேசுகின்றனர். ஆயினும் முதலிரண்டு கருத்துகளும் அந்தத் தாயின் நோயைக் குறைக்கவில்லை. மூன்றாவது கருத்தோ அதனைக் கூட்டிவிட்டது.

இது நாம் வரைந்துகொண்ட சித்திரமே. எனினும் வாசகர்களுள் பலர் இதில் தம் அம்மாவையோ அத்தாவையோ கண்டிருக்கக்கூடும். இந்நோயின் இயல்பு யாது, இதற்கும் ஈமானுக்கும் தொடர்பு உண்டா, பிள்ளைகள் உதவியை எங்கே, எவ்வாறு தேடுவது ஆகியவற்றை இங்கு விளக்க முனைகிறோம்.

நோயின் இயல்பு

மருத்துவ உலகம் இதனைப் பீதி நோய் என்று வழங்குகிறது. இதன் சாயல் புதியதன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில் பங்கேற்ற வீரர்களிடம் நெஞ்சுப் படபடப்பும் மூச்சுத் திணறலும் இருந்தும் இதயத்தில் பழுதில்லாமையை டா கோஸ்டா என்னும் மருத்துவர் 1871இல் விரிவாகப் பதிவு செய்தார். 1960களில் டொனால்ட் கிளைன் என்னும் மனநல மருத்துவர், இமிப்ரமின் என்னும் மருந்து இத்தகைய திடீர்த் தாக்குதல்களைத் தடுக்கக் கண்டார். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூல் இதனைத் தனியொரு நோயாக ஏற்றது.

நம் உடலில் ஆபத்தை அறிவிக்கும் ஏற்பாடு ஒன்றுண்டு. பாம்பைக் கண்டால் இதயம் விரைந்து துடிக்கிறது, மூச்சு வேகமாகிறது, தசைகள் ஓட ஆயத்தமாகின்றன. பீதி நோயில் பாம்பு இல்லாமலேயே அந்த மணி ஒலித்துவிடுகிறது. மூச்சை மிகையாக இழுத்து விடுவதால் குருதியில் கரியமில வாயு குறைகிறது. தலைச்சுற்றலும் விரல் மரத்தலும் அதனால் விளைகின்றன. இவற்றை உணர்ந்தவர், 'இது மாரடைப்பு', 'இது பைத்தியத்தின் தொடக்கம்' என்று பொருள் கொள்கிறார். அப்பொருள் அச்சத்தைப் பெருக்குகிறது. பெருகிய அச்சம் உடற்குறிகளை மேலும் பெருக்குகிறது. இந்தச் சுழலை டேவிட் கிளார்க் என்னும் ஆங்கிலேய உளவியலாளர் 1986இல் தெளிவுற விளக்கினார். இன்றைய உளவியல் சிகிச்சையின் அடிப்படைகளுள் இவ்விளக்கமும் ஒன்றாகும்.

ஒரு தாக்குதல் பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தை அடைந்து, பின்னர் தானே தணிகிறது. அதனால் உயிர் போவதில்லை. ஒருமுறை வந்தாலே நோய் என்று கொள்வதற்கும் இல்லை. உலக அளவிலான ஆய்வுகளின்படி, வாழ்நாளில் ஒருமுறையேனும் இத்தாக்குதலுக்கு ஆளாவோர் நூற்றுக்குப் பதின்மூவர் அளவில் உள்ளனர். மீண்டும் மீண்டும் வந்து, 'அடுத்தது எப்போது வருமோ' என்னும் ஏக்கமே வாழ்வை ஆளத் தொடங்கும்போதுதான் அது நோயாகிறது. அத்தகையோர் நூற்றுக்கு ஏறத்தாழ இருவர். கூட்டம், பேருந்து, கடைத்தெரு, தனிமை ஆகியவற்றைத் தவிர்க்கத் தொடங்குவது இதன் அடுத்த கட்டம். அச்சம் தரும் இடத்தைத் தவிர்க்குந்தோறும் அப்போதைக்கு ஆறுதல் கிடைக்கிறது. அந்த ஆறுதலே அச்சத்திற்கு உரமாகிவிடுகிறது. ஆகவே இது நடிப்பும் அன்று, பிடிவாதமும் அன்று.

அச்சமும் ஈமானும்

அஞ்சுபவர் ஈமானில் குறைந்தவர் என்னும் கருத்தைத் திருமறை ஆதரிக்கவில்லை. அகழ்ப்போரின் நெருக்கடியில் முஸ்லிம்கள் அடைந்த நிலையை, நெஞ்சமே தொண்டைக்குழிக்கு ஏறிவிட்டதாக அஹ்ஸாப் அத்தியாயத்தின் 10ஆம் வசனம் சித்திரிக்கிறது. சூனியக்காரர்களின் முன்னே மூஸா (அலை) அவர்களின் உள்ளத்தில் அச்சம் எழுந்ததை தாஹா அத்தியாயம் (20:67) மறைக்காமல் கூறுகிறது. அவர்தம் அன்னையின் உள்ளம் வெறுமையானதை கஸஸ் அத்தியாயம் (28:10) பேசுகிறது. இவர்களது நிலையை நோயென்று நாம் கூறவில்லை. அச்சம் மனித இயல்பு என்பதையும், அது ஈமானோடு ஒருங்கே இருக்கக்கூடும் என்பதையுமே சுட்டுகிறோம்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வரலாறு இதற்கு மற்றொரு சான்று. ஹிஜ்ரி 488இல், அதாவது 1095இல், பக்தாத் நிஜாமிய்யா கல்விக்கூடத்தின் தலைமைப் பேராசிரியராய் விளங்கிய அவர் மாணவர்முன் நாவெழாத நிலைக்கு ஆளானார். உணவு செல்லவில்லை, உடல் நலிந்தது. உள்ளத்தில் தோன்றிய துன்பமே உடலில் பரவியுள்ளது எனவும், உள்ளம் அமைதியுறாமல் மருந்து பயன்தராது எனவும் மருத்துவர்கள் கருதினர். இதனையெல்லாம் 'அல்முன்கிது மினள் ளலால்' என்னும் தம் வரலாற்று நூலில் இமாமவர்களே எழுதி வைத்துள்ளார்கள். அது பீதி நோயே என்று ஒன்பது நூற்றாண்டுகள் கழித்து நாம் முடிவு கட்டுவது முறையன்று. ஆனால் அத்தகைய பேரறிஞர் தம் உள்ளத்தின் நலிவை மறைக்காமல் எழுதினார் என்பது, வீட்டுக்குள் நோயை ஒளித்துவைக்கும் நமக்குரிய பாடமாகும்.

அவருக்கும் ஒன்றரை நூற்றாண்டுகளுக்கு முன், 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்னும் அறிஞர் 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் நூலை இயற்றினார். உடல், உள்ளம் இரண்டின் நலத்தையும் ஒரே நூலில் பேசிய அவர், உள்ளத்தின் நோய்களைச் சினம், அச்சமும் பீதியும், துயரம், ஊசலாடும் தீய எண்ணங்கள் எனத் தனித்தனியே பிரித்து ஆராய்ந்தார். அவர் கூறும் இரு கருத்துகள் இன்றைய மருத்துவத்தோடு வியப்பூட்டும் வகையில் ஒத்துள்ளன.

முதலாவது, திடீர் நோய்க்கென வீட்டில் மருந்து சேமித்து வைப்பதைப்போல, உள்ளம் அமைதியாய் இருக்கும் வேளையில் நல்ல சிந்தனைகளைத் திரட்டி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது. பீதி தாக்கும் கணத்தில் புதிதாகச் சிந்திக்க இயலாது. முன்பே ஆயத்தமாய் இருந்தால்தான் எடுத்தாள முடியும். இரண்டாவது, அஞ்சும் பொருளைச் சிறிது சிறிதாக நெருங்கிப் பழக வேண்டும் என்பது. இதற்கு அவர் மூடுபனியை உவமையாகக் காட்டுகிறார். மூடுபனியை முதன்முதலாகக் காணும் பாலைவனவாசி அதனை ஊடுருவ முடியாத திடப்பொருள் என்று எண்ணுகிறான். உள்ளே நுழைந்தபின்தான் அது ஈரக்காற்றே என்று அறிகிறான். சிறுமலையின் வளைவுகளில் மார்கழி விடியலில் பயணம் செய்தவர்களுக்கு இவ்வுவமை தனியே விளக்கப்பட வேண்டியதில்லை.

ஏர்வாடி தந்த பாடம்

இத்தகைய மரபுக்கு உரியவர்களாய் இருந்தும், மனநோய் என்னும் சொல்லைக் கேட்டதும் நம் குடும்பங்கள் ஒடுங்கிப்போவது ஏன்? கீழ்ப்பாக்கம், ஏர்வாடி என்னும் ஊர்ப்பெயர்கள் பேச்சு வழக்கில் ஏளனச் சொற்களாகிவிட்டன. 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் நடத்திய காப்பகம் ஒன்றின் கூரைக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்பியோட இயலவில்லை. 28 உயிர்கள் கருகின. அந்தக் காப்பகம் தர்காவுக்குச் சொந்தமானதன்று. ஆனால் தர்காவை நாடி வந்த குடும்பங்களின் நம்பிக்கையையும் இயலாமையையும் நம்பியே அத்தகைய காப்பகங்கள் அங்கே பெருகியிருந்தன. நிகழ்ச்சிக்குப் பின் அரசு அவற்றை மூடியது. உச்ச நீதிமன்றமும் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது.

அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். வேறு வழி தெரியாதவர்களே மிகுதி. 2015–16இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வெவ்வேறு மனநோய்களில் சிகிச்சை பெறாதோர் நூற்றுக்கு 70 முதல் 92 வரை இருந்தனர். நோயைவிட இந்த இடைவெளியே நம்மை அதிகம் கவலைகொள்ளச் செய்ய வேண்டும்.

துஆவும் மருந்தும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கேட்ட நாட்டுப்புற அரபிகளிடம், செய்துகொள்ளுமாறும், முதுமை ஒன்றைத் தவிர மருந்தில்லாத நோயை இறைவன் வைக்கவில்லை என்றும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பதிலளித்த செய்தி அபூதாவூதிலும் திர்மிதியிலும் உள்ளது. குஜராத்தின் உனாவா ஊரிலுள்ள மீரா தாதார் தர்காவில் துஆவோடு மருத்துவத்தையும் ஒருங்கே வழங்கும் திட்டம் 2008இல் தொடங்கியது. ஓதிப் பார்க்க வருவோரைத் தடுக்காமல், அவ்விடத்திலேயே மனநல மருத்துவரையும் காணச் செய்வது அதன் முறை. நம் ஊர் ஹஜ்ரத்மார்களும் ஓதி ஊதியபின், 'மருத்துவரையும் பாருங்கள்' என்று ஒரு சொல் சொன்னால், அது பல ஆண்டுகளின் அலைச்சலைத் தவிர்க்கும்.

உதவி தேடும் வழி

முதலில் உடற்சோதனை. ஐம்பத்தைந்து வயதுக்குமேல் பீதி நோய் புதிதாகத் தொடங்குவது குறைவு. எனவே முதிய பெற்றோரிடம் இக்குறிகள் முதன்முறையாகத் தோன்றினால், இதயத்துடிப்பின் ஒழுங்கின்மை, தைராய்டு மிகைச் சுரப்பு, இரத்தசோகை, நுரையீரல் நோய், சர்க்கரை குறைந்துபோதல் ஆகியவை இல்லையென்று உறுதி செய்துகொள்ள வேண்டும். ஆஸ்துமாவுக்கான சில மருந்துகளும் படபடப்பைத் தரும். காப்பியும் அவ்வாறே. காப்பி விளையும் மலையில் இதனைச் சொல்வது கடினமாயினும், அளவைக் குறைப்பது முதல் மருத்துவம் எனலாம். நெஞ்சுவலி புதிதாய், அழுத்தமாய், கைக்கோ தாடைக்கோ பரவுவதாய் இருந்தால், அதனைப் பீதி என்று எண்ணி வாளாவிருக்காமல் 108ஐ அழைக்க வேண்டும்.

உடலில் குறையில்லை என்று உறுதியானபின், 'ஒன்றுமில்லை' என்னும் சொல்லோடு திரும்பிவிடலாகாது. 'இதயத்தில் ஒன்றுமில்லை, எனில் இது பீதி நோயாக இருக்கலாமா?' என்று கேட்க வேண்டும். திண்டுக்கல்லில் 2022 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியோடு இணைந்த மருத்துவமனையும், மதுரை அரசு இராசாசி மருத்துவமனையும் மலைவாழ் மக்கள் எட்டக்கூடிய இடங்கள். மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் 1990களின் பிற்பகுதியில் திருச்சியில் தொடங்கி, பின்னர் பிற மாவட்டங்களுக்கும் விரிந்தது. அதன் மருத்துவக் குழு உங்கள் பகுதிக்கு எந்த நாளில் வருகிறது என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறியலாம். மலையிறங்கவே அஞ்சும் தாய்க்கு முதல் உதவி தொலைபேசியாக இருப்பதும் தகும். 2022 அக்டோபர் 10 முதல் ஒன்றிய அரசு நடத்தும் டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே அழைக்கலாம். நோயாளி பேச மறுத்தால் பிள்ளைகளே அழைத்து வழி கேட்கலாம்.

சிகிச்சை இருவகைப்படும். ஒன்று மருந்து. செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்றவை முதன்மையாகத் தரப்படுகின்றன. இவை உடனே வேலை செய்வதில்லை. முதல் சில நாட்களில் பதற்றம் சற்றுக் கூடவும் கூடும். ஆகவே முதியோருக்குச் சிறிய அளவில் தொடங்குவர். தெளிவான பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். இதனை அறியாமல் மூன்றாம் நாளே நிறுத்திவிட்டு, 'மருந்து ஒத்துக்கொள்ளவில்லை' என்போர் பலர். நலமடைந்த பின்னரும் பல மாதங்கள் தொடர்ந்து, மருத்துவர் சொற்படி படிப்படியாகவே குறைக்க வேண்டும். ஆஸ்பிரின் முதலிய பிற மருந்துகளை உட்கொள்வதை மருத்துவரிடம் மறைக்கலாகாது.

அல்பிரசோலம் போன்ற மாத்திரைகள் அரை மணி நேரத்தில் அமைதி தரும். அவற்றின் கவர்ச்சியும் அபாயமும் அதுவே. தொடர்ந்து உண்டால் உடல் அடிமையாகும். முதியோர் தடுமாறி விழுவர், நினைவு மங்கும். திடீரென நிறுத்தினால் வலிப்பும் வரக்கூடும். 2014 மார்ச்சு முதல் நடைமுறையிலுள்ள விதிப்படி இம்மருந்தின் விற்பனையை மருந்துக் கடைகள் தனிப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். பழைய சீட்டைக் காட்டி இவற்றை வாங்கித் தருவது பெற்றோருக்குச் செய்யும் உபகாரமாகாது.

மற்றொன்று உளவியல் சிகிச்சை. வாரம் ஒருமுறையாகப் பத்துப் பன்னிரண்டு அமர்வுகள் நடைபெறும் இதில், உடற்குறிகளுக்குத் தவறான பொருள் கொள்வதைத் திருத்துவதும், அஞ்சும் இடங்களைப் படிப்படியாக அணுகுவதும் கற்பிக்கப்படுகின்றன. முதல் நாள் நின்றுகொண்டிருக்கும் பேருந்தில் ஐந்து நிமிடம் அமர்தல்; அடுத்து ஒரு வளைவு வரை செல்லுதல்; அது பழகியபின் இரண்டாவது. வளைவுக்கு ஒரு வாரம் ஆனாலும் 18 வாரங்களில் அடிவாரம் வந்துவிடும். ஜும்ஆவுக்குச் செல்ல அஞ்சும் தந்தை முதலில் தொழுகையில்லாத வேளையில் பள்ளிக்குச் சென்று அமரலாம், பின்னர் வாயிலருகே கடைசி வரிசையில் நின்று தொழலாம். அல்பல்கீ சொன்ன மூடுபனிக்குள் நடக்கும் பயிற்சியே இது.

பெற்றோர் மறுத்தால்

பிள்ளைகளுக்கு மிகக் கடினமான இடம் இதுவே. 'எனக்கென்ன பைத்தியமா?' என்று அம்மா கேட்கும்போது வாதத்தால் வெல்ல முடியாது. அவர் ஒப்புக்கொள்ளும் துன்பத்திலிருந்து தொடங்க வேண்டும். 'உங்களுக்கு மனநோய்' என்பதைவிட, 'இந்தப் படபடப்புக்கும் தூக்கமின்மைக்கும் மருத்துவம் உண்டாம், ஒருமுறை கேட்டுப் பார்ப்போம்' என்பது பயன்தரும்; அது உண்மையுமாகும். தாக்குதல் வந்த நாள், நேரம், இடம், நீடித்த அளவு ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துச் சென்றால் மருத்துவருக்கு உதவும். அவர் மதிக்கும் ஒருவரின் சொல் பிள்ளைகளின் நூறு சொற்களைவிட வலிமையுடையதாக இருக்கலாம்.

ஆனால் உணவில் மருந்தை ஒளித்துக் கலப்பதும், பொய் சொல்லி அழைத்துச் செல்வதும் கூடா. ஒருமுறை நம்பிக்கை உடைந்தால், உண்ணும் சோற்றின்மீதும் அவருக்கு ஐயம் பிறக்கும். சட்டமும் இதில் நோயாளியின் பக்கமே நிற்கிறது. 2018இல் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தம் சிகிச்சையைத் தீர்மானிக்கும் ஆற்றல் ஒவ்வொருவருக்கும் உண்டு என்பதையே தொடக்க நிலையாகக் கொள்கிறது. நோய் விவரம் இரகசியமாய்க் காக்கப்படும் உரிமையைத் தருகிறது. சங்கிலியால் பிணைப்பதை எவ்விதத்திலும் தடை செய்கிறது. இதில் ஓர் எச்சரிக்கையும் தேவை. 'இருந்து என்ன பயன்' என்பது போன்ற பேச்சு எழுந்தால் காத்திருக்கலாகாது; அன்றே மருத்துவரை நாட வேண்டும்.

தாக்குதல் வேளையில் வீட்டார் சூழ்ந்துநின்று விசிறுவதும் கூச்சலிடுவதும் தீங்கு. ஒருவர் அருகமர்ந்து, தாழ்ந்த குரலில், 'இது முன்பும் வந்தது, போய்விட்டது; இப்போதும் போய்விடும்' என்று சொல்லி, மூச்சை மெதுவாக வெளிவிடச் செய்தால் போதும். அவருக்குப் பழக்கமான திக்ரு மூச்சை நிதானப்படுத்துமெனில் அதுவும் நன்றே. அதேவேளை, எல்லா வேலைகளையும் பிள்ளைகளே ஏற்று, அவரை ஒருபோதும் தனியே விடாமலிருப்பது அன்பாகத் தோன்றினும் நோய்க்கே துணைபோகும். நோன்பு குறித்தும் மருத்துவரிடம் முன்கூட்டியே பேச வேண்டும். சர்க்கரை நோயும் உள்ளவருக்குச் சர்க்கரை குறையும்போது வரும் நடுக்கமும் வியர்வையும் பீதியைப் போலவே இருக்கும். நோயாளிக்குத் திருமறை (2:184) தந்துள்ள சலுகையைக் குறையாக எண்ணத் தேவையில்லை.

பெற்றோரைக் கவனிக்கும் மகனோ மகளோ மருமகளோ சலிப்படைவதும் இயற்கையே. முதுமையெய்திய பெற்றோரிடம் 'ச்சீ' என்ற சொல்லும் எழலாகாது எனத் திருமறை (17:23) விலக்கியிருப்பதே, அச்சலிப்பு எழக்கூடியது என்பதை அறிந்துதான். சுமையை உடன்பிறந்தோர் பகிர்ந்துகொண்டால் அச்சொல் எழாது.

ஹிரா குகையில் முதல் வஹீ இறங்கியபோது அண்ணலார் (ஸல்) அவர்கள் நடுக்கத்தோடு இல்லம் திரும்பிய செய்தியை நாம் அறிவோம். அந்தத் தனிப்பெரும் நிகழ்ச்சியை நோயோடு ஒப்பிடுவது நம் நோக்கமன்று. கதீஜா (ரலி) அம்மையாரின் செயல்வரிசையை மட்டும் இங்கு நினைவூட்டுகிறோம். அவர்கள் முதலில் போர்த்தினார்கள். நடுக்கம் தணியும்வரை பொறுத்தார்கள். பின்னர் கணவரின் நற்பண்புகளை ஒவ்வொன்றாய் எடுத்துரைத்துத் தேற்றினார்கள். அதன்பின், தாம் அறியாததை அறிந்த வரகாவிடம் உடன் அழைத்துச் சென்றார்கள். ஏன் அஞ்சினீர்கள் என்று கடிந்துகொள்ளவில்லை. ஆறுதலோடு நின்றுவிடவுமில்லை. அஞ்சி நடுங்கும் பெற்றோரின் முன் நிற்கும் பிள்ளைகளுக்கும் இதுவே வழி.